பின்னால் போன சுவர்

திருநெல்வேலி டவுனில் செக்கடி வளவு என்றால் ஒரே நீளக் கூரைக்குக் கீழே தோளோடு தோள் ஒட்டி நிற்கிற ஆறு வீடுகள். முதல் வீட்டுக்கு ஒரு பக்கம் தெரு, கடைசி வீட்டுக்கு ஒரு பக்கம் பழைய சத்திரத்தின் கல்சுவர். நடுவில் இருக்கிற சுவர்களெல்லாம் மண்ணும் சுண்ணாம்பும் குழைத்து யாரோ அவசரத்தில் எழுப்பியவை. பெயருக்குச் சுவர் என்று நின்றனவே தவிர ஒரு காலண்டர் ஆணியைக்கூட அவை தாங்காது, சுத்தியலை ஓங்கினாலே காரை பொலபொலவென்று உதிர்ந்து சோற்றுப்பானையில் விழும் என்பதால், அங்கே குடியிருந்தவர்கள் சாமி படத்தைப் பலகைமேல் சாய்த்து வைத்தார்கள், சட்டையைக் கொடியில் போட்டார்கள், காலண்டரைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டினார்கள், சுவரை எதுவும் கேட்காமல் இருக்கிறவரைக்கும் சுவரும் ஒன்றும் சொல்லாமல் இருந்தது.

முதல் வீடு பிறவிப்பெருமாளுடையது. ரதவீதியில் ஒரு பாத்திரக்கடையில் மூத்த விற்பனையாளர், பித்தளையையும் வெண்கலத்தையும் தட்டிப் பார்த்தே தரம் சொல்லுகிறவர், கடைக்கு வருகிற கல்யாணவீட்டுக்காரர்கள் அவரைத் தேடித்தான் வருவார்கள். ஆனால் அவர் மகள் நாச்சியாரைப் பெண் பார்க்கக் கோவில்பட்டியிலிருந்து ஆட்கள் வந்த அன்று, அவருடைய முன்னறையில் அவர்கள் உட்கார்ந்த உட்காரல் இருக்கிறதே, அதை நினைத்தால் அவருக்கு அப்புறம் பல நாள் சோறு இறங்கவில்லை. அறையில் மூன்றில் ஒரு பங்கை அவர் மனைவி வடிவு சீராகக் கொண்டுவந்த தேக்கு அலமாரி பிடித்துக்கொண்டிருந்தது. மீதி இடத்தில் வந்தவர்களின் முழங்கால்கள் ஒன்றையொன்று இடித்தன, காப்பித் தட்டு ஒருவர் தலைக்குமேல் ஒருவராகக் கைமாறிப் போனது, விழுந்து கும்பிடச் சொன்னபோது நாச்சியாரின் தலை முன்னறையிலும் கால் அடுக்களையிலும் கிடந்தது. மாப்பிள்ளையின் சித்தி சிரித்துக்கொண்டே, பொண்ணு பாதிதான் கண்ணுக்குத் தெரியுது, மீதியை இன்னொரு நாள் வந்து பாத்துக்கிடுவோம் என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். பிறவிப்பெருமாளும் சிரித்தார். இன்னொரு நாள் அவர்கள் வரவில்லை.

அதற்கப்புறம்தான் அலமாரியைத் தரையிலிருந்து தூக்கிச் சுவரில் மாட்டிவிட்டால் அதன் கீழே இரண்டு பேர் உட்காரலாம் என்று அவருக்குத் தோன்றியது. வடிவு வேண்டாம் என்றுதான் சொன்னாள். கொம்பையா ஆசாரி வந்து சுவரில் விரலால் சுரண்டிப் பார்த்து, இது சுவரே இல்லை அண்ணாச்சி, பொரிகடலை மாவு என்றார். பிறவிப்பெருமாள் பிடித்த பிடியை விடவில்லை. ஆசாரி ஆணி அடித்தார், ஆணி உள்ளே போய்த் தொலைந்தது. டிரில் போட்டார், துளை பெரிதாகிப் பெரிதாகிக் கை நுழைகிற அளவுக்கு வந்தது. கடைசியில் துளைகளைத் தண்ணீர் விட்டு நனைத்து, வேப்பமரத்தில் முளை செதுக்கி இறக்கி, சுற்றிலும் சிமெண்டு பூசி, காயவிட்டு, கனத்த இரும்புக் கொக்கிகளை முறுக்கி, வளவு ஆண்களெல்லாம் ஒரு கை பிடிக்க, அலமாரியைத் தூக்கி மாட்டினார்கள். கையை எடுத்தபிறகு எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அலமாரி விழவில்லை. சுவரும் விழவில்லை. சுமக்க முடியாத மூட்டையைத் தலையில் ஏற்றிவிட்டால் ஒருவன் என்ன செய்வானோ அதைத்தான் சுவர் செய்தது: மெல்ல, சத்தமில்லாமல், அலமாரியைச் சுமந்தபடியே ஒரு சாண் பின்னால் போய் நின்றுகொண்டது.

ஆசாரி தரையைப் பார்த்தார். சுவர் இருந்த இடத்தில் சிமெண்டுத் தரை படாத மண், ஈரமாக, ஒரு கோடு மாதிரி கிடந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நல்லாத்தான் பிடிச்சிருக்கு அண்ணாச்சி என்று சொல்லிவிட்டுச் சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டார்.

பிறவிப்பெருமாளுக்கு முதலில் பயம்தான் வந்தது, சுவரைப் பற்றி அல்ல, பக்கத்து வீட்டைப் பற்றி. பக்கத்து வீட்டில் இருந்தவர் ஆவுடையப்பன், டவுன் பஸ்ஸில் கண்டக்டர், பஸ்ஸில் ஒரு ஆள் கூடுதலாக நின்றாலும் உள்ளே போ உள்ளே போ என்று சண்டைக்குப் போகிறவர். மறுநாள் காலையில் அவர் காக்கிச் சட்டையோடு வாசலில் வந்து நின்றபோது பிறவிப்பெருமாள் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். ஆவுடையப்பன் உள்ளே வந்து அலமாரியைப் பார்த்தார், அதன் கீழே இருந்த இடத்தைப் பார்த்தார், மண் கோட்டைப் பார்த்தார். தன் வீட்டில் கட்டில் ஒரு சாண் நகர்ந்து ஜன்னலை இடிக்கிறது என்பதை அவர் சொல்லவேயில்லை. கொம்பையா ஆசாரி வீடு எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டார்.

அந்த வாரமே ஆவுடையப்பன் தன்னுடைய மறுபக்கத்துச் சுவரில் ஒரு பரண் அடித்து, அண்டா குண்டாக்களை ஏற்றி, அவர்கள் வீட்டுப் பழைய முருகன் படத்தையும் பித்தளைச் சட்டத்தோடு மாட்டினார். அந்தச் சுவரும் ஒரு சாண் போனது. மூன்றாம் வீட்டில் இருந்த ஓய்வுபெற்ற ஏட்டையா தன் பங்குக்கு ஒரு தேக்குக் கட்டிலைக் கால்களைக் கழற்றித் தூக்கி மாட்டினார். நாலாம் வீட்டுத் தையல்காரர் ஓடாத தையல் மிஷினை மாட்டினார். ஐந்தாம் வீட்டில் இட்லிக்கடை வைத்திருந்த முப்பிடாதிக்கு மாட்ட ஒன்றும் அகப்படாததால் பழைய ஆட்டுக்கல்லை இரும்புச் சங்கிலியில் கட்டிச் சுவரில் தொங்கவிட்டாள். ஒருவர் ஒரு பக்கம் இழந்ததை இன்னொரு பக்கம் பெற்றுக்கொண்டார், வீடு கொஞ்சம் நகர்ந்தது அவ்வளவுதான், வாசல்நிலை நடுவில் இருந்தது ஓரத்துக்குப் போனது அவ்வளவுதான், யாருக்கும் ஒரு விரல்கடை குறையவில்லை. ஒருவருக்குத்தான் குறைந்தது. ஆறாம் வீட்டுக்கு அடுத்தபடி இருந்தது சத்திரத்துக் கல்சுவர். அது எதற்கும் நகரவில்லை.

ஆறாம் வீட்டில் செல்லக்கனி இருந்தாள். ஒற்றை ஆள். ஊரில் ஒரு சினிமாத் தியேட்டரில் பெண்கள் கவுண்டரில் டிக்கெட் கொடுக்கிற வேலை. மத்தியானம் போனால் ராத்திரி ஆட்டம் தொடங்கிய பிறகுதான் வருவாள். நாற்பது வயதைத் தாண்டியவள், யாரோடும் அதிகம் பேச மாட்டாள், குழாயடியில் யாராவது குடத்தை முன்னால் நுழைத்தால் தன் குடத்தைப் பின்னால் இழுத்துக்கொள்ளுவாள். முதல் சாண் போனபோது அவள் ஸ்டூலைத் தூக்கி ட்ரங்குப் பெட்டிமேல் வைத்தாள். அது யாருக்கும் தெரியாது.

அலமாரி ஏறிய பிறகு முன்னறைக்கு வந்த வெளிச்சமே வேறாக இருந்தது. தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்து, பெருமாள் அண்ணாச்சி வீட்டை இடிச்சுக் கட்டினாவளா என்று கேட்டார்கள். சங்கரன்கோவிலிலிருந்து ஒரு நல்ல இடம் வருவதாகத் தகவல் வந்தது, பையன் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை, அம்மாவுக்கு வீடு வாசல் பார்க்கிற பழக்கம் உண்டு என்று தரகர் சொன்னார். பிறவிப்பெருமாள் கொம்பையா ஆசாரியை மறுபடியும் கூப்பிட்டார். அலமாரிக்குப் பக்கத்தில் இன்னொரு கொக்கியில் ஒரு வெண்கல உருளி ஏறியது, அதற்குப் பக்கத்தில் குத்துவிளக்குகளைக் கட்டிய ஒரு பலகை ஏறியது. பாரம் ஏற ஏறச் சுவர் ஒவ்வொரு தடவையும் இரண்டு முழம் பின்னால் போனது. ஒவ்வொரு தடவையும் மறுநாள் ஆவுடையப்பன் வீட்டில் ஆணியடிக்கிற சத்தம் கேட்டது, அதற்கு மறுநாள் ஏட்டையா வீட்டில், அதற்கு மறுநாள் தையல்காரர் வீட்டில், அப்படியே சத்தம் வளவின் வழியாக நடந்து போய் முப்பிடாதி வீட்டோடு நின்றுவிடும். அப்புறம் ஒரு அமைதி வரும். அந்த அமைதி வரும்போது பிறவிப்பெருமாள் ரேடியோவைப் போட்டுக்கொள்ளுவார்.

ஏட்டையாவுக்கு மட்டும் சட்டம் தெரிந்தவர் என்ற முறையில் ஒரு மனவுறுத்தல் இருந்ததால் அவர் நிலம் அளக்கிற ஒருவரை அழைத்துவந்தார். வந்தவர் சங்கிலியை வெளியே தெருவிலிருந்து சத்திரம் வரைக்கும் பிடித்து அளந்து பார்த்து, பத்திரத்தில் இருக்கிற நீளம் அப்படியே இருக்கிறது, ஒரு குறையும் இல்லை என்றார். அதைக் கேட்டு எல்லாருக்கும் ஒரு நிம்மதி. ஒரு குறையும் இல்லை என்று ஆறு வீட்டிலும் சொல்லிக்கொண்டார்கள், ஐந்து வீட்டில் சத்தமாக.

வளவுக்காரர்கள் மோசமானவர்கள் இல்லை. செல்லக்கனி கட்டிலை விற்றுவிட்டாள் என்று தெரிந்த அன்று முப்பிடாதி ஒரு கிண்ணத்தில் கறிக்குழம்பு கொடுத்துவிட்டாள். அதற்கப்புறம் அது பழக்கமாகிவிட்டது. எந்த வீட்டில் ஆணிச் சத்தம் கேட்டாலும் அந்த வீட்டிலிருந்து ஆறாம் வீட்டுக்கு ஒரு கிண்ணம் போனது, புளிக்குழம்பு, சொதி, பருப்புத் துவையல், ஒரு நாளைக்குப் பாயசம். செல்லக்கனி கிண்ணத்தைக் கழுவி, வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாது என்று ஒரு கரண்டி சீனியோ இரண்டு பிச்சிப்பூவோ போட்டு அனுப்புவாள். குழாயடியில் பேச்சு வரும்போது, அவள் ஒல்லிதானே என்று ஒருத்தி சொல்லுவாள். பகலெல்லாம் வீட்டிலேயே கிடையாதே என்பாள் இன்னொருத்தி. பிள்ளையா குட்டியா, ஒரு ஆளுக்கு எவ்வளவு இடம் வேணும் என்பார் தையல்காரர். அவளுக்கு அந்தக் கவுண்டருக்குள்ள ஒடுங்கி உக்காந்து பழக்கம்தானே, அகலமா இருந்தா அவளுக்குத்தான் கஷ்டம் என்று ஆவுடையப்பன் ஒருநாள் சொன்னது எல்லாருக்கும் பிடித்துப்போய், அப்புறம் எல்லாரும் அதையே சொன்னார்கள். பிறவிப்பெருமாளும் அதைச் சொன்னார். சொன்ன வாயில் ஏதோ சுண்ணாம்பு அதிகமான வெற்றிலையைப் போட்டதுபோல ஒரு எரிச்சல் இருந்தது. அன்று கடையில் ஒரு குடத்தைத் தட்டிப் பார்த்தவருக்கு அது நல்லதா விரிசல் விட்டதா என்று சொல்ல முடியவில்லை.

சங்கரன்கோவில்காரர்கள் வந்தார்கள். பையனின் அம்மா வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அறையைக் கண்ணால் அளந்தாள். வந்த அத்தனை பேரும் சம்மணம் போட்டு உட்கார்ந்த பிறகும் நடுவில் நாச்சியார் முழுசாக விழுந்து கும்பிட இடம் இருந்தது, எழுந்து நின்று ஒரு சுற்றுத் திரும்பக்கூட இடம் இருந்தது. டவுனுக்குள்ள இப்படி ஒரு முன்னறையா என்று அந்த அம்மாள் வியந்து, இந்த வரிசையில எல்லா வீடும் இப்படித்தானா என்று கேட்டாள். பிறவிப்பெருமாள் ஆமாம் என்றார். காப்பித் தட்டோடு நின்ற நாச்சியார் அப்பாவைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். பூ வைத்துவிட்டுப் போனார்கள். நாச்சியார் அன்றைக்குத் தலையில் வைத்த பூவைச் சாயங்காலமே எடுத்துவிட்டாள். ஏன் என்று வடிவு கேட்டதற்கு, தலை வலிக்குது என்றாள்.

கல்யாணப் பத்திரிகை அடித்து வந்ததும் வளவில் முதலில் வைப்பது என்று முடிவாகி, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், குங்குமச்சிமிழோடு ஒவ்வொரு வீடாகப் போனார்கள். ஐந்தாம் வீடு முடிந்ததும் வடிவுக்குப் படபடப்பாக வந்து முப்பிடாதி வீட்டிலேயே உட்கார்ந்துவிட, பிறவிப்பெருமாள் தாம்பாளத்தை வாங்கிக்கொண்டு தனியாகத்தான் ஆறாம் வீட்டுக்குப் போனார். ஒரே வளவில் இருந்தும் அந்தப் பக்கம் அவர் போய் வெகுநாள் ஆகியிருந்தது. சுவர் வாசல்நிலையைத் தாண்டி வந்திருந்தது. இரட்டைக் கதவில் ஒன்று சுவருக்குள் போய்விட்டது, மிச்சம் இருந்த ஒற்றைக் கதவிலும் பாதிதான் திறந்தது. அந்தப் பிளவில் செல்லக்கனியின் முகத்தில் ஒரு கண்ணும், மூக்கும், வாயும் தெரிந்தன.

"வாங்க அண்ணாச்சி, உள்ள வாங்க" என்றாள்.

அவர் உள்ளே போகப் பார்த்தார். தோளைத் திருப்பினார், வயிற்றை எக்கினார், ஒரு கால் உள்ளே போனது, மற்றது வரவில்லை. வெளியே வந்து தாம்பாளத்தை நீட்டினார். தாம்பாளம் நுழையவில்லை. சாய்த்துப் பிடித்தார், வெற்றிலை சரிந்தது, பழம் தரையில் உருண்டது, குங்குமம் வாசலில் கொட்டியது. அவர் குனிந்து பொறுக்கினார். உள்ளேயிருந்து ஒரு கை வந்து அதுவும் பொறுக்கியது. குனிந்த நிலையில் பிளவு வழியாக உள்ளே பார்த்தார்: ஒரு ஆள் அகலம், அவ்வளவுதான், சந்து மாதிரி நீண்டு போனது, அதில் ஒன்றன்பின் ஒன்றாக அடுப்பு, பானை, ட்ரங்குப் பெட்டி, அதன்மேல் ஸ்டூல், அதன்மேல் மண்ணெண்ணெய் விளக்கு, பாய் நின்றபடி. அவள் படுத்தால் ஒருக்களித்துத்தான் படுக்க வேண்டும், புரண்டு படுக்க எழுந்து நின்று திரும்பிப் படுக்க வேண்டும்.

பத்திரிகையை மட்டும் அவளிடம் கொடுத்தார். அவள் அந்த இருட்டிலேயே அதைப் படித்துப் பார்த்து, நாச்சியாருக்கு ஏத்த பேரு மாப்பிள்ளைக்கு, கட்டாயம் வாரேன், அன்னைக்கு லீவு போட்டுடுவேன் என்று சந்தோஷமாகச் சொன்னாள். பிறகு, குரலில் ஒரு குத்தலும் இல்லாமல், தண்ணி வருமா என்று கேட்பதுபோல, கேட்டாள்:

"கல்யாணத்துக்கு முன்னால இன்னும் ஏதாவது மாட்டணுமா அண்ணாச்சி? ஒரு நாள் முன்னாடியே சொல்லிட்டீங்கன்னா விளக்கை நகட்டி வச்சுக்கிடுவேன். போன தடவை கண்ணாடி உடைஞ்சு போச்சு."

அவர் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டார். வெயிலில் நடந்து தன் வீட்டுக்கு வந்தார். வழியில் ஐந்து வாசல்கள். அவர் முகத்தைப் பார்த்த ஐந்து வாசல்காரர்களும் உள்ளே போய்விட்டார்கள். தன் முன்னறையில் உட்காரப் போனவருக்கு உட்கார முடியவில்லை. எந்த இடத்தில் உட்கார்ந்தாலும் அது யார்மேலோ உட்காருவதுபோல இருந்தது. சுவரோரம் போனார், நடுவுக்கு வந்தார், கடைசியில் வாசல்படியில் போய் உட்கார்ந்து தலையைத் துண்டால் மூடிக்கொண்டார். வடிவு வந்து பார்த்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தாள். வேண்டாம்னு அன்னைக்கே சொன்னேன் என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவளும் அந்த அகலத்தில்தான் இத்தனை நாளும் கால் நீட்டிப் படுத்திருந்தாள்.

மறுநாள் கடைக்குப் போகவில்லை. அலமாரியை இறக்கினார், உருளியை இறக்கினார், விளக்குப் பலகையை இறக்கினார். சுவர் நின்ற இடத்திலேயே நின்றது. ஒரு தடவை பின்வாங்கியது தானாக முன்னால் வராது போலிருந்தது. கையால் தள்ள இந்தப் பக்கம் ஆள் இருந்தென்ன, சுவர் வரவேண்டியது இந்தப் பக்கம்தான். கொம்பையா ஆசாரியைக் கேட்டால் அவர், மாட்டச் சொன்னாதானே எனக்குத் தெரியும் அண்ணாச்சி, நகட்டத் தெரியாதே என்றார். பிறவிப்பெருமாள்தான் வெகுநேரம் மண் கோடுகளைப் பார்த்தபடி இருந்துவிட்டு, பாரத்தைக் கண்டுதானே அது போகுது, அப்போ அந்தக் கடைசியிலே இருந்து பாரத்தை ஏத்தினா இங்க வரும் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, குழாயில் தண்ணீர் வருகிற நேரம், வளவு முழுக்க வாசலில் நிற்கிற நேரம், பிறவிப்பெருமாள் ஒரு பக்கமும் வடிவு ஒரு பக்கமும் அலமாரியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். வேறு நேரம் பார்த்துத் தூக்கியிருக்கலாம் என்று வடிவு சொல்லத்தான் செய்தாள். இந்த நேரம்தான் என்றார் அவர். நாலு அடிக்கு ஒரு தடவை இறக்கி வைத்தார்கள். ஒவ்வொரு வாசலின் முன்னாலும் இறக்க வேண்டியிருந்தது. முதல் தடவை வளவு ஆண்களெல்லாம் கை கொடுத்த அதே அலமாரிக்கு இந்தத் தடவை யாரும் கை கொடுக்கவில்லை, யாரும் எதற்கு என்று கேட்கவும் இல்லை. கேட்கத் தேவையில்லை என்பது எல்லார் முகத்திலும் தெரிந்தது. நாச்சியார் பின்னாலேயே உருளியைச் சுமந்துகொண்டு வந்தாள்.

அலமாரி அந்தப் பிளவில் நுழையாது. ஆசாரி அதைத் தட்டுத் தட்டாகக் கழற்றினார். உள்ளே அவர் நின்று வேலை பார்க்க வேண்டும் என்பதற்காகச் செல்லக்கனியின் சாமான்களை வெளியே எடுத்து வைத்தார்கள். அடுப்பு, பானை, பெட்டி, ஸ்டூல், பாய், கண்ணாடி இல்லாத விளக்கு. அவற்றோடு, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய ஒரு கிண்ணக் கோபுரம், கழுவித் துடைத்தது, வளவில் ஒவ்வொரு வீட்டுக் கிண்ணமும் அதில் இருந்தது. திருப்பிக் கொடுக்க உள்ளே போட ஒன்றும் இல்லாத நாட்களில் கொடுக்காமல் வைத்திருந்தவை. வெயிலில் அது பளபளத்தது. முப்பிடாதி தன் கிண்ணத்தை அடையாளம் கண்டுகொண்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். செல்லக்கனி அவற்றின் பக்கத்தில், ஏதோ தப்பு செய்து பிடிபட்டவள்போல, கைகளைக் கோத்துக்கொண்டு நின்றாள். எனக்காக இவ்வளவு பாடு வேண்டாம் அண்ணாச்சி, கல்யாண வீட்டை வச்சுக்கிட்டு என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தட்டுகளை ஆசாரி அந்தப் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக மாட்ட மாட்ட, சுவர் சோம்பலாக, வந்த வழியே கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிப் போனது. வாசல்நிலை முழுசாக வெளியே வந்தது, மறைந்துபோயிருந்த கதவு வந்தது, அதன் வெண்கல வளையம் பச்சைப் பாசி பிடித்து வந்தது. முப்பிடாதி வீட்டுக்குள்ளே பாத்திரங்கள் உருளுகிற சத்தம் கேட்டது. எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் உள்ளே போனாள். வெகுநேரம் வரவில்லை. பிறகு ஆட்டுக்கல்லின் சங்கிலியை அவிழ்க்கிற சத்தம் கேட்டது, அதை இழுத்துக்கொண்டு போகிற சத்தம், அப்புறம் மறுபக்கத்துச் சுவரில் ஆணி அடிக்கிற சத்தம். அன்று சாயங்காலம் தையல்காரர் வீட்டில் கேட்டது. ஏட்டையா சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்று பார்த்துவிட்டு, தானாகவே போய்க் கட்டிலைக் கழற்றினார். ஆவுடையப்பன்தான் சிக்கல். அவர் அந்த வாரம் முழுக்க டபுள் டியூட்டி பார்த்தார், வீட்டுக்கு வரும்போது யாரையும் பார்க்காமல் வந்தார். ஒருநாள் அவர் பஸ்ஸில் இருக்கும்போது அவர் மனைவி முருகன் படத்தைத் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு சுத்தியல் கேட்டு வடிவிடம் வந்து நின்றாள். வடிவு கொடுத்தாள். பிறவிப்பெருமாளின் முன்னறைக்குள் சுவர் நுழைந்தது, மண் கோடுகளை ஒவ்வொன்றாகத் தாண்டி, முதலில் இருந்த இடத்துக்கு வந்து, அதற்கும் இரண்டு விரல்கடை உள்ளே வந்து நின்றது.

சங்கரன்கோவில் அம்மாள் பந்தல்கால் விஷயமாகப் பேச வந்தபோது வாசலில் செருப்பைக் கழற்றியவள் கழற்றியபடியே நின்றுவிட்டாள். அன்னைக்குப் பெருசா இருந்ததே என்றாள். கல்யாணச் சாமான் அடைத்திருக்கிறது, வெளிச்சம் குறைவு என்று ஏதாவது சொல்லியிருக்கலாம், சொல்லச் சொல்லி வடிவின் கண்கூடக் கெஞ்சியது. பிறவிப்பெருமாள் வடிவின் பக்கம் திரும்பவில்லை.

"அது எங்க இடம் இல்லை மதினி" என்றார். "கடைசி வீட்டுல ஒரு பொம்பளை தனியா இருக்கா. அவ இடம். நான் எடுத்து வச்சிருந்தேன்."

அந்த அம்மாள் காப்பியைக் குடித்துவிட்டுப் போனாள். ஒரு வாரம் தகவலே இல்லை. நாச்சியார் அந்த வாரம் முழுக்கச் சாதாரணமாக இருந்தாள், தலையில் பூ வைத்துக்கொண்டாள். அதற்கப்புறம் தரகர் வந்து, வீடு பத்தாதாம், கோயில் மண்டபத்தில் வச்சுக்கிடலாமாம் என்றார். கல்யாணம் நடந்தது. செல்லக்கனி லீவு போட்டுவிட்டு வந்து, பந்தியில் கடைசி வரிசையில், இலையின் ஓரத்தில் சாப்பிட்டாள்.

கல்யாணச் சந்தடி அடங்கிய பிறகு ஒருநாள் காலையில் பிறவிப்பெருமாள் ஆறாம் வீட்டுக்குப் போனார். அலமாரி நன்றாகப் பிடித்திருக்கிறதா என்று பார்க்கப் போவதாகத்தான் வடிவிடம் சொன்னார். உள்ளுக்குள் அவர் போனது வேறொன்றுக்காக. அந்த வீட்டை அகலமாகப் பார்க்க வேண்டும், அவள் நடுவில் கால் நீட்டி உட்கார்ந்திருப்பதைப் பார்க்க வேண்டும், பார்த்துவிட்டால் நெஞ்சில் இருக்கிறது கொஞ்சம் இறங்கும் என்று நினைத்தார். இரட்டைக் கதவும் விரியத் திறந்திருந்தது. தாம்பாளம் என்ன, மாட்டுவண்டியே போகலாம்.

உள்ளே பெருக்கிக் கழுவிய தரை வெறுமையாகக் கிடந்தது. அதில் ஒரு காலடித் தடம்கூட இல்லை. சத்திரத்துக் கல்சுவரை ஒட்டி, ஒரு ஆள் அகலத்துக்குள், அடுப்பு, பானை, பெட்டி, அதன்மேல் ஸ்டூல், விளக்கு என்று எல்லாம் முன்போலவே ஒன்றன்பின் ஒன்றாக இருந்தன. பாய் நின்றபடி இருந்தது. அந்தச் சந்தில், சுவரே இல்லாத அந்தச் சந்தில், செல்லக்கனி ஒருக்களித்து உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். புடைத்த நொய் அந்தப் பக்கம் விழாமல் முறத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

"இதெல்லாம் உன் இடம்தானேம்மா. பரத்தி வச்சுக்கிட வேண்டியதுதானே" என்றார் அவர்.

"ஆமா அண்ணாச்சி" என்றாள் அவள். "வச்சுக்கிடுதேன். உக்காருங்க."

அவர் நின்றுகொண்டே இருந்தார். அவ்வளவு பெரிய தரையில் எங்கே உட்காருவது என்று அவருக்குத் தெரியவில்லை. அவர் தயங்குவதைப் பார்த்து, இடம் பத்தவில்லையாக்கும் என்று நினைத்துக்கொண்டு, செல்லக்கனி முறத்தை மடிமேல் தூக்கி வைத்து, கால்களை மடக்கி, கல்சுவரோடு இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டாள்.